மூலையைப் பிடித்த மீன்

ஜிலேபி மீனுக்கு வேளாவேளைக்குத் தீனி போட்டால் மட்டும் வளர்ந்துவிடாது, இன்ஸ்பெக்டர் சார். புதுப்பட்டினம் உப்பங்கழிப் பண்ணையில் பதினோரு வருஷமாக மீன் எடை பார்க்கிறவன் சொல்கிறேன். ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு மீன் குழாய் மூலையைப் பிடித்துக்கொண்டு கிட்டே வருவதையெல்லாம் துரத்தும். மற்றவை பயத்தில் தின்னாமல் விரல் நீளத்திலேயே நின்றுவிடும். சனிக்கிழமைதோறும் அந்தப் பெரியதை எடுத்துவிடுவேன். பத்து நாளில் மற்றவை தேறிவிடும்.

எழுபத்து நாலில் கஸ்தூரிரங்கன் வேலைக்குச் சேர்ந்தான். என்னைப் போல அக்ரஹாரத்துப் பிள்ளைதான். ஆனால் ஆசாரம் கீசாரம் ஒன்றும் கிடையாது. வலை இழுக்கும் சடையன், தொட்டி கழுவும் எல்லம்மாள் இவர்களோடு பம்ப் ஷெட்டில் உட்கார்ந்து மீன் குழம்பே சாப்பிடுவான். நான் தராசு அறையில், என் தயிர்சாதத்தோடு. என்றைக்கும் அப்படித்தான், அதில் எனக்குக் குறையில்லை. அவன் வந்தபிறகு அங்கே ஒரே சிரிப்பு. எனக்குச் சாதம் இறங்கவில்லை. ஐந்து கிலோ இளைத்துவிட்டேன், செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் எடை மெஷினில் பார்த்தேன்.

அவன் உங்களையெல்லாம் அடக்கி வைத்திருக்கிறானா என்று சடையனிடம் ஜாடையாகக் கேட்டேன்.

"இன்னா சாரு, அவுரு வந்தப்புறம்தான் சோறே எறங்குது" என்றான்.

பயந்தவன் வேறென்ன சொல்வான்?

ஐப்பசியில், கடல் ஏறியிருந்த ஒரு மத்தியானம், மதகுக் குழியின் கம்பிவலையில் பாசி அடைத்திருந்தது. கஸ்தூரிரங்கனை இறங்கி எடுக்கச் சொன்னேன். பெரியவர் பேச்சைத் தட்டமாட்டான், அது நல்ல குணம். மதகுப் பலகை மூடியிருக்கும்வரை அங்கே இடுப்பளவுத் தண்ணீர்தான். நான் பலகையைத் தூக்கினேன். தண்ணீர் வந்த வேகத்தில் வலையோடு அழுந்திப்போனான். கால் மணி கழித்துப் பலகையை இறக்கினேன். அவன்மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை.

ஆனால் மற்றவர்கள் தேறவில்லை. எல்லம்மாள் சோற்றைப் பிசைந்து அப்படியே காக்கைக்குக் கொட்டுகிறாள். சடையன் கரையில் தனியாகப் பீடி பிடிக்கிறான். ஒருவரும் என் அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

அவன் இருந்தவரை தினமும் பன்னிரண்டரைக்கு என் வாசலில் வந்து நிற்பான். "தனியா என்ன சாப்பாடு, பாஷ்யம் சார்? அங்க வாங்கோ" என்பான். ஒருநாள்கூடத் தவறியதில்லை. நான் ஒருநாளும் போனதில்லை. அவன் போனபிறகும் பன்னிரண்டரைக்கு டப்பாவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் அவசரப்பட்டு என்னைக் கூட்டிவந்துவிட்டீர்கள், சார். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சடையன் வந்து கூப்பிட்டிருப்பான்.