பாலத்தடி மீன்

குளிர்காலத்தில் பாஸ் மீன் பிடிக்கப் பெரிய திறமை ஒன்றும் வேண்டாம் சார். பொறுமை இருந்தால் போதும். கோடையில் இரையைத் துரத்தி வந்து அடிக்கிற அதே மீன், தண்ணீர் சில்லிட்டதும் ஆழத்துக்குப் போய் அசையாமல் நின்றுவிடும். இரையை அதன் மூக்கருகே கொண்டுபோய், இழுக்கிறோமா இல்லையா என்று நமக்கே தெரியாதபடி மெல்ல இழுக்க வேண்டும்.

கோர்ஹம் ஏரியில் அவை எங்கே நிற்கும் என்பது எனக்குத் தெரியும். அணை கட்டியபோது ஓர் ஊர் முழுகியது. அந்த ஊரின் கல்பாலம் இன்னும் அடியில் நிற்கிறது. வரைபடத்தில் அதைத் தவறான இடத்தில் குறித்துவிட்டார்கள், அதனால் யாரும் அங்கே வருவதில்லை. நான் வேலை பார்த்த பஞ்சாலையை மூடிவிட்டார்கள். என் மனைவி லியோனாவும் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அதன்பின் டிசம்பரில் எழுந்து போக எனக்கென்று இருந்தது அந்த இடம்தான்.

டெல்மர் அவளுடைய தம்பி. அவனை அழைத்துப் போனதில் எந்த வஞ்சமும் இல்லை. அவன் படகு பழுதாகிக் கிடந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான், நம்பினேன்.

பாலத்துக்கு மேலே நான் முதல் மீனைத் தூக்கியதுமே அவன் போனை எடுத்துவிட்டான்.

"கொஞ்சம் சிரி மச்சான். உன் மூஞ்சியப் பாத்தா மீனு மறுபடி தண்ணிக்குள்ள குதிச்சுரும்."

"எந்த இடம்னு போட்டுராத டெல்மர்."

"அட போய்யா. என்னமோ பாலத்தையே கட்டிக்கிட்ட மாதிரி பேசுற. அக்காவும் அதத்தான் சொல்லிச் சிரிக்குது. ஞாயித்துக்கிழமை வீடியோ போடுறேன், இடத்தோட சேத்து. அப்புறம் பாரு, ஊரே இங்கதான் நிக்கும்."

எனக்குக் கோபம் வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மிதவைச் சட்டை படத்தில் அழகாக இல்லையென்று கழற்றிப் போட்டுவிட்டு, போனை நீட்டிப் பிடித்தபடி விளிம்பில் நின்றான். படகின் முன்பக்கத்தில் காலால் மிதித்து ஓட்டுகிற சின்ன மோட்டார் ஒன்று உண்டு. காற்று படகைத் தள்ளாமலிருக்க அதை அவ்வப்போது அழுத்த வேண்டும். அழுத்தினேன். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினேன்.

"ஏணி... ஏணியப் போடு மச்சான். விளையாடாத."

அந்தத் தண்ணீரில் விழுந்தவனுக்கு மூச்சு ஒழுங்காக வராது, பேச்சும் துண்டு துண்டாகத்தான் வரும்.

என் கையில் மீன் இருந்தது. பிடித்த பாஸைக் கொல்வது எங்கள் பக்கத்தில் கேவலம். திரும்ப விட்டுவிடுவோம். ஆனால் ஆழத்திலிருந்து சட்டென்று மேலே வந்த மீனுக்கு வயிற்றில் காற்று உப்பியிருக்கும். அப்படியே விட்டால் மல்லாந்து மிதந்து செத்துப்போகும். செதில்களுக்கு நடுவே ஊசியைச் செருகிக் காற்றை இறக்கி, அது தெளியும்வரை தண்ணீரில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவசரப்பட்டால் குடல் கிழிந்துவிடும்.

மீனைத் தண்ணீரில் வைக்க வாகான பக்கத்தில்தான் டெல்மர் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் விரல்களை எடுத்துவிட்டேன். சிரமமாக இல்லை. குளிரில் விரல் மரத்திருந்தது, ஒவ்வொன்றாக விலக்கினால் வந்துவிடுகிறது. "அக்காகிட்ட..." என்று ஏதோ சொல்ல வந்தான். நான் குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனிலிருந்து வருகிற குமிழிகளைச் சொல்கிறேன். அது வாலை ஒருமுறை அடித்துக் கீழே இறங்கியபோது, உண்மையைச் சொன்னால், எனக்குக் கண் கலங்கியது.

விபத்து என்று நீங்கள் எழுதி முடித்துவிட்டதை நானே வந்து ஏன் கலைக்கிறேன் என்று கேட்டீர்கள். கலைக்காமல் வெளியே இருந்தால் மட்டும் நான் எங்கே போவேன்? தேடும் படகுகள் நீரடியைக் காட்டும் கருவிகளோடு வந்து ஏரி முழுக்கத் துழாவின. அவன் பாலத்தின் தூணோடு சிக்கிக் கிடந்தான். வந்தவர்கள் எல்லோருடைய திரையிலும் பாலம் தெரிந்தது, அதைச் சுற்றி நின்ற மீன்களும் தெரிந்தன. இப்போது போய்ப் பாருங்கள், படகு திரும்ப இடமில்லாமல் தூண்டில் போடுகிறார்கள். காற்றை இறக்கக்கூட அவர்களுக்குத் தெரியவில்லை, மீன்கள் வெள்ளையாக மிதக்கின்றன.

அந்த இடத்தைப் பற்றி நான் கடைசிவரை ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை சார். வாக்குத் தவறிக் காட்டிக்கொடுத்தவன் டெல்மர்தான்.