நூற்று நாற்பதாவது கணினி

இந்த அறையிலுள்ள கணினியின் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இந்த விசாரணை முடிந்ததும் சரிசெய்து தருகிறேன்.

என் பெயர் லிண்டன் ஃபேர்வெதர். வெலிங்டனில், லயல் பே கடற்கரைக்குப் பின்புறம் உள்ள இந்த சினிமா கிராபிக்ஸ் கூடத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கணினிகளைப் பராமரிக்கிறேன். மொத்தம் நூற்று நாற்பது. அவற்றின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கலைஞர்களைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு டிராகனின் மூக்கு மயிரை எட்டு மாதம் பொறுமையாக ஒவ்வொன்றாக நட்டுவைப்பார்கள். கணினியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றால் மட்டும் தலையையே கேட்டதுபோல் பதறுவார்கள்.

பழைய இயங்குதளத்தின் காலம் முடிந்துவிட்டது. புதியதற்கு எல்லாவற்றையும் மாற்றும் பொறுப்பு என்னுடையது. மூன்று வாரத்தில் நூற்று முப்பத்தொன்பதை முடித்தேன். என் திரையில் ஒரு பட்டியல் உண்டு. மாறியவை பச்சை, மாறாதவை சிவப்பு. ஒரே ஒரு சிவப்பு மிச்சமிருந்தது. அது டெஸ் மக்காலுடையது.

டெஸ்ஸை உங்களுக்கே தெரியும். ஐம்பத்தொன்பது வயது. படங்களில் பின்னால் தெரியும் மலை, வானம், கோட்டை எல்லாம் அவர் கைவண்ணம். மார்ச் மாதம் ஒருநாள் என்னைக் கார் நிறுத்துமிடத்துக்குக் கூப்பிட்டுப்போனார். காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. வலது கையை நீட்டினார். கொதிக்கிற பாத்திரத்தின் மூடிபோல் அது ஆடியது.

“பார்கின்சன்னு சொல்லிட்டாங்கப்பா. வீட்டுல மார்ஜிக்குத் தெரியும், இப்ப உனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது.”

“அப்புறம் எப்படி வரையறீங்க?”

“டனீடின்ல என் பழைய கூட்டாளி ஒருத்தன் சின்னதா ஒரு புரோகிராம் எழுதிக் குடுத்தான். பேனா எப்படி ஆடினாலும் திரையில கோடு நேரா விழும். ஆனா அது பழைய சிஸ்டத்துலதான் ஓடும். இந்தப் படம் முடியட்டும் லிண்டன். ஆகஸ்ட்ல நானே மரியாதையா போயிடறேன். அதுவரைக்கும் என் மெஷின மட்டும் தொடாத, என்ன?”

“பாக்கலாம் டெஸ்” என்றேன். அவர் என்னை நம்பிச் சொன்னது. இன்றுவரை ஒருவரிடமும் நான் மூச்சு விடவில்லை.

தேநீர் அறையின் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் படத்தைப் பற்றி நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஆம், டெஸ் வரைந்ததுதான். நான் ஆடு மேய்க்கும் நாயாக நாக்கைத் தொங்கவிட்டு நூற்று நாற்பது கணினிகளை மேய்த்துக்கொண்டு போகிறேன். நல்ல நகைச்சுவை. வருகிற விருந்தாளிகள்கூட அதோடு நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். பால் எடுக்கப் போனால், “என்ன லிண்டன், இன்னிக்கு ஆடெல்லாம் பத்திரமா?” என்று யாராவது கேட்பார்கள். நானும் சிரிப்பேன். நான்கு ஆண்டு இரண்டு மாதமாகச் சிரிக்கிறேன். அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வெள்ளிக்கிழமை இயக்குநர் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்தார். அவர் வந்தால் இங்கே ஒரு வழக்கம் உண்டு. காலைத் தேநீர் முடிந்ததும் எல்லோரும் திரையரங்கில் கூடுவோம். இயக்குநர் திருத்தம் சொல்லச் சொல்ல, டெஸ் தன் கணினியிலிருந்து இணைத்த பெரிய திரையில் அங்கேயே வரைந்து காட்டுவார். முப்பது பேர் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். இந்தக் கூடத்தின் பெருமையே அதுதான்.

அன்று தேநீருக்கு சீஸ் போட்ட ஸ்கோன் ரொட்டி நான் செய்துகொண்டுபோயிருந்தேன், இரண்டு தட்டு. அதற்கு முன் நான் எதுவும் செய்துகொண்டுபோனதில்லை. டெஸ் மூன்று சாப்பிட்டார்.

“அடப்பாவி, இவ்வளவு நாளா இந்தத் திறமைய எங்கப்பா ஒளிச்சு வச்சிருந்த?” என்று முதுகில் தட்டினார்.

இயங்குதளம் மாற நாற்பது நிமிடம் ஆகும். ஸ்கோன் நன்றாக இருந்தால் தேநீர் ஐம்பது நிமிடம் போகும். பட்டியலில் கடைசிச் சிவப்பு பச்சையானதை என் கைப்பேசியில் பார்த்துவிட்டு நானும் திரையரங்குக்குப் போனேன்.

“அந்த மலை உச்சிய இன்னும் கொஞ்சம் கூராக்குங்களேன், டெஸ்” என்றார் இயக்குநர்.

டெஸ் பேனாவை வைத்து இழுத்தார். ஐந்து மீட்டர் அகலத் திரையில் அந்தக் கோடு போன போக்கைப் பார்த்து முன்வரிசையில் ஒருவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். டெஸ் அதை அழித்துவிட்டு மறுபடி இழுத்தார். மூன்றாவது முறை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. இயக்குநர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சுக்குங்க. என் கை சரியில்ல” என்றார் டெஸ். அது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

திங்கட்கிழமை அவரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கைநடுக்கத்தை மறைத்து வேலை செய்தார் என்று கோப்பில் எழுதியிருக்கிறார்கள். எழுதியவர் நீங்களாகவும் இருக்கலாம், எனக்குத் தெரியாது.

முழுமையாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக இன்னும் இரண்டு விஷயம். கைநடுங்குபவர்களுக்குக் கோட்டைச் சமன்செய்து தரும் வசதி புதிய இயங்குதளத்திலேயே இருக்கிறது. மார்ச்சில் கார் நிறுத்துமிடத்திலிருந்து திரும்பிய அன்றே தேடிக் கண்டுபிடித்தேன். இடது கையால் வரைந்தும் சோதித்தேன், அருமையாக வேலை செய்தது. அதன்பின் எல்லாக் கணினிகளிலும் அதை முடக்கிவைத்தேன். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதுதான் ஒழுங்கு. வேறு யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

இரண்டாவது, தயாரிப்பு மேலாளர் நைரீயின் மின்னஞ்சல். ‘படம் முடியும்வரை டெஸ்ஸின் கணினியைத் தொடாதீர்கள், பொறுப்பு என்னுடையது’ என்று வியாழன் மாலை நான்கு பத்துக்கு அனுப்பினார். நான்கு பன்னிரண்டுக்கு நான் அதைப் படித்தேன். ஆகவே என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. என்ன ஆகும் என்று தெரிந்தேதான் செய்தேன். இயக்குநர் வருகிற நாளாகப் பார்த்துத்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

நேற்று டெஸ் தன் அடையாள அட்டையைத் திருப்பித் தர என் மேசைக்கு வந்தார். அதை மேசைமீது வைக்க அவருக்கு இரண்டு முயற்சி தேவைப்பட்டது.

“உன்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லப்பா” என்றார். “உன் வேலைய நீ செஞ்ச, எனக்குப் புரியுது. இத்தன மாசம் என் மானத்தக் காப்பாத்தினியே, அதுவே பெருசு. ரொம்ப நன்றி.”

என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையாகவே. பதினோரு ஆண்டுகளில் என் வேலையைப் புரிந்துகொண்டு நன்றி சொன்ன மனிதர் இந்தக் கூடத்தில் அவர் ஒருவர்தான். அப்படிப்பட்டவரைப் போய் வெளியே அனுப்பிவிட்டார்களே என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.