காய்ச்சல் என்று படுத்துக்கொண்ட தலைவரின் அஞ்சலி

மேடையில் வீற்றிருக்கும் பங்குத் தந்தை அவர்களே, கோயில் பூசகர் நல்லையா ஐயா அவர்களே, பாடசாலை அதிபர் ஸாஹிரா அவர்களே, ரப்பர் பால் வெட்டை முடித்து வாளியைக்கூடக் கழுவாமல் ஓடிவந்திருக்கும் என் தோட்டத்து மக்களே! உங்கள் எல்லோருக்கும் கந்தையாவின் வணக்கம்.

கீழே ரோட்டில் ஏதாவது வாகனம் நின்றால் உங்கள் முகமெல்லாம் வாசலுக்குத் திரும்புகிறது. என் முகமும்தான். தோட்டத் தலைவர் என்று எனக்கு மாலை போட்டிருக்கிறீர்கள். ஆனால் முதலில் திரும்புகிற முகம் என்னுடையதுதான். மறைத்து என்ன பயன்?

நம் மாதர் சங்கத் தலைவி மெட்டில்டா அம்மையார் போய்விட்டார்! போன செவ்வாய்க்கிழமை பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்றார். லொறியில் ஏற்றினோம். கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் முன்னே உயிர் பிரிந்துவிட்டது.

யார் அந்த மெட்டில்டா? எட்டாம் வகுப்புத் தாண்டாதவர். ஆனால் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் சாவு வீடுகளுக்கு உதவும் மரணாதாரச் சங்கத்தில் நம் தோட்டத்திலிருந்து முதலில் பெயர் கொடுத்தவர் யார்? மெட்டில்டா! கிராமத்துப் பாதையை எல்லோரும் கூடிச் செப்பனிடும் சிரமதானம் என்றால் மண்வெட்டியோடு போய் நின்றவர் யார்? மெட்டில்டா! கொழும்பில் குண்டு வெடித்தது என்று ரேடியோ சொன்ன வாரம், கிராமத்தில் ஒரு சாவு. நாமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டோம். அவர் மட்டும் சாவு வீட்டுக்கு விறகு சுமந்துகொண்டு புறப்பட்டார். நான் வழிமறித்தேன்.

“ஏம்மா, பயமா இல்லையா ஒனக்கு?”

“பயமாத்தாங்க இருக்கு தலைவரே. நம்மள யாருன்னே அவங்களுக்குத் தெரியாட்டி இன்னும் பயம். வாறதுன்னா வாங்க, இல்லாட்டி வழிய விடுங்க.”

வழியை விட்டேன். கூடப் போகவில்லை.

போன வருடம் நம் தோட்டத்து இராமசாமியைச் சந்தேகத்தில் பொலிசில் பிடித்துக்கொண்டு போனார்கள். மெட்டில்டா பதினோரு பெண்களைக் கூட்டிக்கொண்டு, பால் வெட்டும் உடுப்போடேயே ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்தார். கிராமத்துச் சங்கத்துச் செயலாளர் சோமாவதியும் வந்து, இவர்களைத் தெரியும் என்று சொன்னார். சாயங்காலமே இராமசாமி வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு உங்கள் தலைவர் எங்கே? காய்ச்சல் என்று கம்பளியை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்தார்! திரும்பி வந்த மெட்டில்டா என் வீட்டுக்கு இரண்டு பெனடோல் மாத்திரை கொடுத்தனுப்பினார். என் மனைவி சிரித்த சிரிப்பு அடுத்த லயத்து வீட்டு வரிசைக்கே கேட்டது.

சிரியுங்கள். ஆனால் அடுத்து நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

இந்த வருடம் தை மாதம், லயத்தில் ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸ் பெயர் கேட்டது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை எழுதவேண்டாம், எழுதினால் தேடி வருவார்கள் என்று வீடு வீடாகச் சொன்னது யார்? நான்தான். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்னேன். மெட்டில்டா மட்டும் கேட்கவில்லை.

“இருக்கிற புள்ளய இல்லேன்னு எழுதிட்டு, நாளைக்கு அது வீட்டுக்கு வந்தா யாருன்னு சொல்லுவீங்க?” என்று என்னிடமே கேட்டார். தன் மகன் ஸ்ரான்லியின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

அவருடைய சாவுக்குத்தான் ஸ்ரான்லியும் வந்தான், கொழும்புக் கடையில் வேலை செய்யும் மல்லிகாவின் மகள் நிரோஷாவும் வந்தாள். நேற்றுப் பொலிஸ் சுற்றிவளைப்பில் ஸ்ரான்லியின் பெயர் பட்டியலில் இருந்தது, விட்டுவிட்டார்கள். என் பேச்சைக் கேட்டு மல்லிகா எழுதாத நிரோஷாவின் பெயர் இல்லை. பிறந்து வளர்ந்த லயத்திலேயே அந்தப் பிள்ளை யாரோ ஆகிவிட்டாள்! அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, இன்று பின்னேரம் இரண்டு மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதோ, தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

கூடப் போக மெட்டில்டா இல்லை. யார் போவது?

நான் போகிறேன். “பெயரை எழுதவேண்டாம் என்று சொன்னது நான், பிள்ளைமேல் பிழை இல்லை” என்று சிங்களத்தில் சொல்லக் காலையிலிருந்து பழகிக்கொண்டிருக்கிறேன். அதைச் சொன்னால் என்னை உள்ளே வைத்துக்கொள்வார்களா? தெரியாது. பயமாக இருக்கிறது, ஐயா! உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பின்வரிசையில் இருக்கும் சோமாவதி தானும் வருவதாகச் சொல்லிவிட்டார். மெட்டில்டா தங்கள் சங்கத்து ஆள், அவருடைய வேலை நிற்கக்கூடாது என்கிறார். வேறு ஊர்க்காரருக்கு இருக்கிற அந்த எண்ணம் நமக்கு இல்லாமல் போகலாமா?

அம்மையாரின் பணியைத் தொடர்வோம் என்று சபதம் செய்து கைதட்டிக் கலைவது சுலபம். நான் கைதட்டல் கேட்கவில்லை. இப்போது மணி ஒன்று. ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேர நடை.

இரண்டு நிமிட மௌனத்துக்காக எல்லோரும் எழுந்து நில்லுங்கள். மௌனம் முடிந்ததும் யாரும் உட்காரவேண்டாம். அப்படியே வாசலுக்கு நடப்போம். மல்லிகா, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு என் பக்கத்தில் வாம்மா.