முகமூடிக் கரி

"ஹலோ... ஹலோ, வவுனியாவோ?... பள்ளிக்கூடக் கந்தோரோ? சிற்றம்பலம் மாஸ்ரரை ஒருக்காக் கூப்பிடுங்கோ... ஓம், ஓம், விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்தான்... முரசுமோட்டை அரிசி மில்லில இருந்து. அவற்ற தங்கச்சி எண்டு சொல்லுங்கோ... பாடம் முடியட்டோ? ஏலாது. இப்பவே வேணும்... சரி, நிக்கிறன்."

கமலாசனி ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு கணவனைப் பார்த்துக் கையைக் காட்டினாள். ஐயாத்துரை போய் இஞ்சினை நிறுத்தினார். நெல்லுக் குத்த வந்த சனம் மூட்டைகளின் மேல் உட்கார்ந்தபடி அவளையே பார்த்தது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

மில்லோடு ஒட்டிய வீட்டின் முன்னறையில் அவளுடைய கண்ணாடித் தொட்டி இருந்தது. முல்லைத்தீவிலிருந்து வரும் முத்தலிப்பின் மீன் லொறியில் பீப்பாய் பீப்பாயாகக் கடல்நீர் வரவழைத்து, உயிருள்ள முருகைக்கல்லை, பவளப் பூச்சிகள் கட்டும் கல்லை, இரண்டு வருடமாக அதில் வளர்த்து வந்தாள். இன்று காலை பார்த்தபோது அவ்வளவும் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தது.

"ஹலோ... ஓம், நான்தான்... இல்லை, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. சுகம் விசாரிக்கவும் எடுக்கேல்லை. அந்தக் கரி எங்கால எடுத்தனீங்கள்?... கரி! நீங்கள் ரெயிலில போட்டு அனுப்பின கரி!... ஏன் மெல்லமாக் கதைக்கிறியள்? பெரிய வாத்தியார் பக்கத்தில நிக்கிறாரோ? நிக்கட்டும். கேக்கட்டும்."

அவள் குரல் ஏறியது.

"எல்லாம் செத்துப்போச்சு... எல்லாம் எண்டால் எல்லாம்தான். முருகை வெளுத்துப்போச்சு. கடல் சாமந்தி கூழாக் கரைஞ்சுபோச்சு. சங்குப் பூச்சி ஒண்டு பாக்கியில்லை... என்ன?... தண்ணி பழசோ? முந்தநாள்தான் மாத்தினனான்... முத்தலிப்பின்ர பீப்பாயோ? அந்த மனுசனை இதுக்குள்ள இழுக்காதேங்கோ! இரண்டு வருசமா அதே பீப்பாய், அதே தண்ணி. அப்ப சாகாதது இப்ப ஏன் செத்தது?... கேளுங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. மீன் சாகேல்லை. விளங்குதே? மீன் எல்லாம் ஓடித் திரியுது. முள்ளந்தண்டு இல்லாத சீவன்கள் மட்டும் செத்திருக்கு. தண்ணி பழுதெண்டால் மீனல்லோ முதலில மிதக்கும்?"

அவள் இடுப்பில் செருகியிருந்த துணியைக் கையில் எடுத்தாள்.

"என்ர கையில இப்ப ஒரு துணி கிடக்கு, மாஸ்ரர்... ஓம், மாஸ்ரர் எண்டுதான் கூப்பிடுறன். அந்தக் கரியைக் கட்டித் தொங்கவிட்ட வெள்ளைத் துணி. நேற்று வரைக்கும் வெள்ளை. இப்ப பச்சை... பாசியில்லை. உரஞ்சிப் பாத்திட்டன். களிம்பு. செம்புக் களிம்பு... அது பட்டாளத்துக்காரர் நச்சுப் புகைக்குப் போடுற முகமூடிக்குள்ள இருந்த கரியோ, இல்லையோ?... ஓம் எண்டு சொல்லுங்கோ... ஓம். புகையை இழுக்கிறதுக்கு அதில செம்பு உப்பு ஏத்துறவை எண்டும், செம்பு இந்தச் சீவன்களுக்கு நஞ்செண்டும் படிப்பிக்கிற உங்களுக்குத் தெரியாதோ?"

அவள் தன் கையாலேயே தேங்காய்ச் சிரட்டை சுட்டு, கழுவி, காயவைத்துப் போட்ட கரி இவ்வளவு காலமும் தண்ணீரின் மஞ்சளை எடுத்துக் கண்ணாடிபோல வைத்திருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுத்தான் அண்ணன் அனுப்பியதைக் கட்டினாள். கரி திறம் என்பதற்காக அல்ல. அது அவரிடமிருந்து வந்தது என்பதற்காக.

"மூண்டு வருசம்! மில்காரனுக்குக் கழுத்தை நீட்டினவள் எண்டு என்ர படலையை நீங்கள் திறக்கேல்லை. பிறகு ஒரு பொட்டலம் வருது. உங்கட கையெழுத்து. நான் அதைக் கண்டு அழுதனான். இவரும் பாத்தவர், கேளுங்கோ... நாளைக்குக் கொழும்பில இருந்து அந்தக் கடலாராய்ச்சிக்காரர் வாறார். கரையைவிட்டு இவ்வளவு தூரத்தில முருகை வளருதெண்டால் தன்ர கண்ணால பாக்க வேணுமாம். பாத்துச் சரியெண்டால் அங்க புதுசாக் கட்டுற தொட்டியளுக்கு என்னைப் பொறுப்பாப் போடுவராம். இது உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதானே அனுப்பினனீங்கள்?... கத்தாதேங்கோ. வேணுமெண்டு செய்யேல்லை எண்டால் அதை ஆறுதலாச் சொல்லுங்கோ."

ஐயாத்துரை அருகில் வந்து நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னதைக் கேட்டு அவள் நெற்றி சுருங்கியது.

"என்ன சொன்னனீங்கள்?... பள்ளிக்கூடத்தில நீங்கள் முருகை வளர்க்கிற உங்கட தொட்டிக்கும் இதையோ போட்டனீங்கள்?... எப்ப?... எனக்கு அனுப்பின அண்டைக்கேயோ? அப்ப உங்கட முருகை?... வாயைத் திறந்து சொல்லுங்கோ... வெளுத்துப்போச்சோ?... போன கிழமையோ?"

இதுவரை பொங்கியிருந்த அவள் குரல் சட்டென்று இறங்கிற்று.

"அண்ணை... போன கிழமையே தெரியுமெண்டால், கரியை எடு எண்டு ஒரு தந்தி அடிக்கேலாதோ? அண்டைக்கு எடுத்திருந்தால் என்ர பிழைச்சிருக்குமே... வெக்கமோ? ஆருக்கு முன்னால வெக்கம்? இவருக்கு முன்னாலயோ? மில்காரன் சிரிப்பான் எண்டோ?... அவர் ஆரையும் பாத்துச் சிரிக்கிற மனுசனில்லை. நீங்கள் ஒருநாளும் கதைச்சிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

மறுமுனை வேகமாக ஏதோ சொல்லிக்கொண்டு போனது. அவள் குறுக்கிடவில்லை. ஓம், ஓம் என்று மட்டும் சொன்னாள். காதில் விழுந்ததை நம்பாதவள்போல ரிசீவரை எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் காதில் வைத்தாள்.

"இதுக்கோ இவ்வளவு நேரமும் குழைஞ்சனீங்கள்?... கரி உங்களிட்ட இருந்து வந்ததெண்டு நாளைக்கு வாற அந்தக் கொழும்பு மனுசனுக்குச் சொல்லக்கூடாதோ? அவருக்கு உங்களைத் தெரியும், பேர் கெட்டுப்போகும்... ஓம், ஓம், விளங்குது. நல்லா விளங்குது. என்ர சீவன்கள் செத்தது பெரிசில்லை. உங்கட பேர் பெரிசு."

ஐயாத்துரை ரிசீவருக்குக் கை நீட்டினார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"கேளுங்கோ. நான் தொட்டியை மூடி மறைக்கமாட்டன். வெள்ளைக் கல்லையும் இந்தத் துணியையும் மேசையில வைச்சு, என்ன நடந்ததெண்டு அவருக்குச் சொல்லுவன். வேலை தந்தால் தரட்டும், தராட்டிப் போகட்டும். உங்கட பேர் என்ர வாயில வராது. பயப்பிடாதேங்கோ... உங்களுக்காக இல்லை. அண்ணன் எண்டு ஒருத்தர் இருக்கிறார் எண்டே நான் சொல்லப்போறதில்லை... பிறகு என்னத்துக்கு வாறியள்? வரவேண்டாம். கரியும் அனுப்பவேண்டாம். ஒண்டும்... ஹலோ?... ஹலோ?"

இடையில் தொலைபேசி எக்ஸ்சேஞ்சுப் பெண்ணின் குரல் வந்துவிட்டது.

"ஓம், பிள்ளை... நேரம் முடிஞ்சுதோ?... இல்லை, கூட்டவேண்டாம். அவருக்குச் சொல்லவும் ஒண்டுமில்லை... என்ன?... இல்லைப் பிள்ளை. நான் அழேல்லை... நீர் லைனை வெட்டிவிடும்."