கடலில் இருக்க வேண்டிய கணவர்

செம்பூரில் ஏறிய இரண்டு பெண்கள் மின்சார ரயிலின் லேடீஸ் டப்பாவில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். நீலப் புடவைக்காரி சொன்ன முதல் வார்த்தையிலேயே நான் கையிலிருந்த போனை மறந்துவிட்டேன்.

"அவர் கடல்லேயே இருப்பார்னு நம்பித்தாண்டி கல்யாணம் பண்ணிண்டேன்."

"நேவில ஆபீசர்தானே?" என்றாள் ஜன்னலோரத் தோழி.

"ஆமாம். ஆனா ரெண்டு வருஷமா கவர்மெண்ட் ஷிப்பிங் ஆபீஸ்ல போட்டிருக்கா. எந்தக் கப்பல் பத்திரமா இருக்குன்னு ஃபைல்ல பார்க்கற வேலை. விளக்கேத்தற நேரத்துக்கு டாண்ணு ஆத்துக்கு வந்துடறார்."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? கப்பல் இல்லேன்னு இப்போ ஆத்தை இன்ஸ்பெக்ஷன் பண்றார். தீப்பிடிச்சா நீ எந்தப் பக்கம் ஓடுவேன்னு அவர் அம்மாவைக் கேட்டார்."

"மாமி என்ன சொன்னா?"

"'நீ இல்லாத பக்கம்'னு சொன்னா. அவர் சிரிக்கவே இல்லை. மறுநாள் மாடிப்படி முழுக்க அம்புக்குறி ஒட்டிட்டார். எங்க பில்டிங் சொசைட்டி செக்ரெட்டரி வந்து ஒரே சண்டை."

தோழி சிரித்து முடிப்பதற்குள் குர்லா வந்துவிட்டது.

"இப்போ திரும்பக் கப்பலுக்கே ஆர்டர் வந்திருக்கு. அடுத்த மாசம் கிளம்பறார்."

"அப்பாடா, தப்பிச்சே."

நீலப் புடவைக்காரி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். பிறகு, "நேத்து அவர் அதைச் சொன்னதும் சமையல்ரூம்ல போய் அழுதுட்டேன். பின்னாடியே வந்து என்னன்னு கேட்டார். வெங்காயம் நறுக்கினேன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"நேத்து ஏகாதசிடி. உங்காத்துல வெங்காயம் ஏது?"

"அவரும் அதைத்தான் கேட்டார்."