நினைவிழந்தவனின் சம்மதம்

இல்ல, உக்காரு. இந்த ஷெபாய்கன் ஊர்ப் பனியில அவங்க வண்டி நகர நேரமாகும். டேனும் மார்னியும் பீட்சா வாங்கிட்டு வர்றதுக்குள்ள இதைப் பேசி முடிச்சிரலாம். அந்த மறைப்பு அட்டையை எடுடா முதல்ல. அதுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு தீர்ப்பு சொல்ற வேலையெல்லாம் என்கிட்ட வேணாம், லெய்ஃப். ஆளுக்கொரு பாத்திரமா பேசி, பகடை உருட்டுற ஆட்டம் இது; அதை நடத்துறவன்னா பெரிய நீதிபதியா? உன் மூக்கைத் தொடச்சு விட்ட அக்காடா நான்.

விதிப் புத்தகம்தானே? நீயே படி. சத்தமா. நான் ஆடுற பாத்திரம், இந்த இரவல்காரிக்குன்னு சொந்தமா மந்திர சக்தி கிடையாது, சம்மதிக்கிற கூட்டாளிகிட்ட இருந்துதான் எடுத்துக்கணும். சரியா? அடுத்த வரி. நினைவிழந்த கூட்டாளி சம்மதித்தவராகவே கருதப்படுவார். போட்டிருக்கா இல்லையா?

ஓ, அது காயத்தை ஆத்தற மந்திரத்துக்கு மட்டுமா? எங்க எழுதியிருக்கு, காட்டு. ம்ம். காட்ட முடியாதுல்ல. உன் வியாக்கியானம்.

பாரு, குகை இடிஞ்சு விழுது. டேனோட வீரன் ஓர்வின் மல்லாந்து கெடக்கான். ஒத்தை மூச்சுதான் மிச்சம், அடுத்த சுத்துல எப்படியும் போயிடுவான். அந்த மூச்சை என் இரவல்காரி சக்தியா எடுத்து, பாறையைப் பிளந்து, மார்னியோட திருடியை வெளிய தள்ளினா. இல்லன்னா எல்லாருக்கும் அங்கயே சமாதி. அதுக்கு நீ என்ன சொன்ன? கொலைன்னு சொன்ன. எல்லார் முன்னாடியும். இனிமே என் இரவல்காரிக்கு ஒரு மந்திரமும் பலிக்காதாம், அவ கதை முடிஞ்சுதாம். காலேஜ் முடிச்சதுல இருந்து அவளை ஆடிட்டிருக்கேன்டா. ஒரே வார்த்தையில அழிச்சிட்ட.

டேனே சொன்னானே! எடுத்துக்கோ இங்க்ரிட், நான் வேற ஆளை உருவாக்கிக்கிறேன்னு, சீஸ் கட்டியை வாயில அடைச்சுகிட்டே சொன்னான். அப்பவும் நீ விடல. டேன் பேசினா ஓர்வின் பேசினதா ஆகாதாம். விழுந்து கெடக்கறவனுக்காக இன்னொருத்தர் சரின்னு சொல்லக் கூடாதாம். ஆகா! எப்ப இருந்துடா உனக்கு இவ்வளவு நியாயம்?

கத்தல. நான் ஒண்ணும் கத்தல. வெறும் விளையாட்டுதான்னா நீ ஏன் என் மூஞ்சியைப் பாக்காம பகடையையே உருட்டிட்டிருக்க? வை கீழ.

என்னது? காத்திருந்திருக்கணுமா? எதுக்கு? அவன் கண்ணு முழிச்சிருப்பானா? முழிச்சிருக்க மாட்டான்னு ஆட்டத்தை நடத்துற உனக்கே தெரியும். தெரிஞ்சுகிட்டே காத்திருக்கச் சொல்ற. நல்லா சொல்லுவ. காத்திருக்கச் சொல்றவனுக்குக் கையில ஒண்ணும் ஒட்டாதுல்ல.

கார் சத்தம் கேக்குது. வந்துட்டாங்க போல. முகத்தைத் தொடச்சுக்கோ.

இல்ல... மார்ச் மாசம் ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா, உங்கப்பாகிட்ட கேக்க முடியாது, மூச்சு மிஷினை நிறுத்திடலாமா நீங்க சொல்லுங்கன்னு கேட்டாங்கல்ல? நீ பசிக்குதுன்னு சிப்ஸ் வாங்க எந்திரிச்சுப் போயிட்ட. நான்தான் தலையாட்டினேன். நீ திரும்பி வரும்போது எனக்கும் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்திருந்த. பக்கத்து பக்கத்துல உக்காந்து தின்னோம். அதைப் பத்தி இத்தனை நாளா நீ ஒரு வார்த்தை சொல்லல. இன்னிக்குத்தான் சொல்லியிருக்க, கொலைன்னு.