குட்டையோரத்து மால்பெக்

டீ நன்றாக இருக்கிறது, சார்ஜென்ட். பால் ஒரு சொட்டு கூடுதல்தான். ஆனால் முப்பத்தோரு வருடம் ஒரு ருசிக்காரியோடு குடித்தனம் நடத்தியவனுக்கு, கொடுத்ததைக் குடித்துவிட்டுப் போவதுதான் பழக்கம்.

மார்கரெட் ரிவரில் எங்கள் திராட்சைத் தோட்டத்தை உங்களுக்குத் தெரியும். பிரான்ஸின் போர்தோக்காரர்கள் பாணியில் கேபர்னே, மெர்லோ, மால்பெக் என்று மூன்று வகைத் திராட்சை ஒயினையும் தனித்தனிப் பீப்பாய்களில் ஊறவிட்டு, அப்புறம் கலப்போம். வெளியிலிருந்து ஒரு பழம்கூட வாங்குவதில்லை. கொடி என் பொறுப்பு. கலவை என் மனைவி கிளெனிஸின் பொறுப்பு. அதாவது முதுகுவலி எனக்கு, பாராட்டுக் கடிதம் அவளுக்கு.

குட்டையோரத்து மால்பெக் நான் தனியாளாக நட்டது. அறுநூறு கொடி. பதினோரு வருடமாக ஒவ்வொரு ஆகஸ்ட் குளிரிலும் அவள் அதை முகர்ந்துவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைப்பாள்.

"நெவில், இது நனைஞ்ச கோணிச் சாக்கு. இதைச் சேர்த்தா மத்த ரெண்டும் கெட்டுப்போகும்."

"கொஞ்சூண்டு சேர்த்தாத்தான் என்ன, கிளெனிஸ்?"

"உன் சாக்ஸைக்கூடத்தான் கொஞ்சூண்டு சேர்க்கலாம். கழட்டித் தா."

நானும் சிரிப்பேன். நல்ல கிண்டலை மதிக்கிறவன் நான். பிறகு ஒரு லாரி வந்து என் மால்பெக்கை, யாரோ ஒருவருடைய மலிவு ஒயினில் கொட்டுவதற்கு ஏற்றிக்கொண்டு போகும்.

போன வருடம்தான் வழி தோன்றியது. கலவைக்கு முன் கிளெனிஸ் தன் மூக்கைச் சோதித்துக்கொள்வாள். மூன்று கோப்பை, இரண்டில் ஒரே ஒயின், ஒன்றில் வேறு. வேறானது எது என்று அவள் சொல்ல வேண்டும். ஊற்றுவது நான். மூன்றிலும் ஒன்றையே ஊற்றினேன். அவ்வளவுதான்.

முதல் நாள், "மூணும் ஒண்ணாத்தானே இருக்கு?" என்றாள்.

"இல்லம்மா, நடுவுல இருக்கறது வேற" என்றேன், மிக மென்மையாக.

மறுநாள் நடுக்கோப்பையைக் காட்டினாள். கடைசி என்றேன். அதற்கு மறுநாள் கடைசியைக் காட்டினாள். இருபது நாளில் அவளாகவே கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"என் மூக்கு போயிடுச்சு, நெவில். இனிமே நீயே பாத்துக்க."

என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். நானும் அழுதேன், சார்ஜென்ட். இளகின மனசு எனக்கு. மறுநாள் மால்பெக்கைச் சேர்த்தேன், ஐந்தில் ஒரு பங்கு. வாங்கியவர்கள் மரியாதை தெரிந்தவர்கள். குறை சொல்லவில்லை, திரும்ப வரவும் இல்லை.

அதன்பிறகு எல்லாவற்றுக்கும் என்னையே கேட்டாள். பால் திரிந்திருக்கிறதா, ரொட்டி தீய்கிறதா, மழை வாசனை வருகிறதா என்று. எங்கள் இல்லறத்தில் அதைவிட இனிமையான வருடம் இல்லை.

போன செவ்வாய் காலை, நான் கொடிகளைக் கவாத்து செய்யப் போவதற்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் இந்த வருடக் கலவை. கிளெனிஸ் தீப்பெட்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நெவில், கேஸ் வாடை அடிக்குதா? இல்ல, இதுவும் என் மூக்கோட கூத்தா?"

ஆமாம் என்று நான் சொல்லியிருந்தால் என்ன ஆகும், நீங்களே யோசியுங்கள். மூக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மறுநாள் மேசையில் வந்து உட்காருவாள். மால்பெக் மறுபடி லாரி ஏறும்.

குழாய் தானாகக் கசிந்தது. அதில் என் கை படவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வாடை வந்ததா என்றுதானே கேட்டீர்கள்? வந்தது. அவள் கேட்பதற்கு முன்பே வந்தது. "எனக்கு ஒண்ணும் வரலையேம்மா" என்றேன். வெளியே நல்ல குளிர். அவளுக்கு ஆகாது என்று கதவை இறுக்கச் சாத்திவிட்டு, குட்டைவரை எட்டி நடந்தேன். சத்தம் கேட்டபோது முதல் கொடியில் கை வைத்திருந்தேன்.

அவள் சாவுக்கு நான்தான் காரணமா என்றால், ஆமாம் என்றே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் குச்சியை உரசும்வரை அவள் என்னை நம்பினாள், சார்ஜென்ட். எத்தனை புருஷன்மாருக்கு அது வாய்க்கும்?